வைகாசி வெயிலில் பூக்கும் மதுரை: வீட்டுத் தோட்டத்துக்கும் ஊர்ப்புறத்துக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்த நம் முன்னோர் சித்திரையையும் வைகாசியையும் இளவேனில் என்று அழைத்தனர். மதுரையில் வாழ்பவருக்கு அந்த 'இள' என்னும் அடைமொழி சற்று வியப்பைத் தரக்கூடும். வெயில் 40 பாகையைத் தாண்டுவதும், வைகை மணல் காலைச் சுடுவதும், கண்மாய்த் தரை பாளம் பாளமாக வெடிப்பதும் இந்த இரண்டு மாதங்களில்தான். ஆயினும் அதே நாட்களில் அழகர்கோயில் சாலையிலோ நாகமலை அடிவாரத்திலோ நடந்து பாருங்கள், மனிதரும் மாடும் நிழல் தேடும் அந்த வெயிலில் மரங்கள் பூத்துக் குலுங்குவதைக் காண்பீர்கள்.

இதற்குக் காரணம் உண்டு. நமது வறண்ட நிலத்து மரங்களில் பல, மாசி பங்குனியில் இலையுதிர்த்து, நீரிழப்பைக் குறைத்துக்கொண்டு, ஆழத்தில் உள்ள ஈரத்தையும் தண்டில் சேமித்த உணவையும் கொண்டு பூக்கின்றன. இலை மறைக்காத பூவை வண்டும் தேனீயும் எளிதில் கண்டுகொள்ளும். இப்போது பூத்தால் விதை முற்றி விழுவதற்கும் மழை வருவதற்கும் பொருத்தம் அமையும். மதுரை வட்டாரத்தின் ஆண்டு மழை ஏறத்தாழ 850 மில்லிமீட்டர் என்பதையும், அதில் பெரும்பங்கு ஐப்பசி கார்த்திகையை ஒட்டியே பெய்கிறது என்பதையும் மனத்தில் கொண்டால் இந்தக் கணக்கு விளங்கும். இந்த ஒழுங்கை அறிந்துகொண்டால், எந்தச் செடிக்கு இப்போது நம் கை வேண்டும், எந்த மரத்தை அதன் போக்கில் விட்டுவிட வேண்டும் என்பது தெளிவாகும். கீழ்வரும் படிகள் அந்த வரிசையில் அமைந்தவை: முதலில் பார்த்தல், பிறகு அடையாளம் காணுதல், பிறகு பேணுதல், இறுதியில் விதை சேர்த்தலும் குழி எடுத்தலும்.

முதல் படி: எப்போது, எங்கே பார்ப்பது

காலை ஐந்தேமுக்கால் மணிக்குப் புறப்பட்டு எட்டு மணிக்குள் திரும்பிவிடுங்கள். அதன் பிறகு வெயில் உடலுக்குத் தீங்கு என்பது ஒருபுறம். பூக்களின் மணமும் தேனீக்களின் நடமாட்டமும் அதிகாலையில்தான் மிகுதி. வாகை, மனோரஞ்சிதம், மல்லி ஆகியவற்றை மட்டும் மாலை ஐந்தரைக்கு மேல் மறுபடியும் ஒருமுறை பார்ப்பது நல்லது.

நகருக்குள் இருப்பவர் தமுக்கத்தை அடுத்த காந்தி அருங்காட்சியக வளாகத்திலிருந்து தொடங்கலாம். ஊர்ப்புறத்துக்குச் செல்ல விரும்புபவருக்குக் கீழக்குயில்குடி சமணர்மலை அடிவாரம் ஏற்ற இடம். அங்குள்ள தாமரைக் குளமும் ஆலமரமும் ஓய்வுக்கும் உதவும். மேலூர் வட்டத்து அரிட்டாபட்டி, 2022ஆம் ஆண்டில் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. ஏறத்தாழ 193 ஹெக்டேர் பரப்புள்ள அந்தப் பாறைக் குன்றுகளிலும் கண்மாய்க் கரைகளிலும் வறள்நிலத் தாவரங்கள் பலவற்றை ஒரே காலையில் காணலாம். அங்கே எதையும் ஒடிக்கவோ பறிக்கவோ கூடாது.

ஒரு குறிப்பேடு எடுத்துச் செல்லுங்கள். ஒவ்வொரு மரத்துக்கும் இலை, பூ, பட்டை, அடியில் உதிர்ந்து கிடப்பவை ஆகிய நான்கையும் எழுதி, தமிழ் மாதத் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். அண்ணாந்து பார்ப்பதற்கு முன்பு குனிந்து பார்க்க வேண்டும் என்பது என் அனுபவம். உயரத்தில் கண்ணுக்குத் தெரியாத பூக்கள் தரையில் பாயாக விரிந்து தம் மரத்தைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இரண்டாம் படி: மஞ்சள் பூ மரங்களைப் பிரித்தறிதல்

இந்தப் பருவத்தில் மிகுந்த குழப்பம் தருபவை மஞ்சள் பூ மரங்களே. நானே இதில் ஏமாந்திருக்கிறேன். ஒரு நாற்றுப்பண்ணையில் சரக்கொன்றை என்று சொல்லிக் கொடுத்த கன்றை வாங்கி நட்டு, நான்கு ஆண்டுகள் நீரூற்றி வளர்த்த பின்னர், அது பூத்தபோதுதான் மஞ்சள் கொன்றை என்று தெரிந்தது. இலையை அறிந்திருந்தால் வாங்கிய அன்றே தெரிந்திருக்கும்.

சரக்கொன்றையின் பூங்கொத்து கீழ்நோக்கித் தொங்கும். ஒரு சரம் ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். இலை ஒற்றைக் கூட்டிலை. ஓர் ஈர்க்கில் நான்கு முதல் எட்டு இணைச் சிற்றிலைகள், ஒவ்வொன்றும் உள்ளங்கை அளவு அகன்றும் பளபளத்தும் இருக்கும். சென்ற ஆண்டின் காய்கள் கறுத்த குழல்களாக, ஒன்றரை அடி முதல் இரண்டடி நீளத்தில், பூக்களுக்கு நடுவிலேயே தொங்கும். சிவபெருமான் சூடும் கொன்றை இதுவே.

மஞ்சள் கொன்றையின் கொத்துகள் மேல்நோக்கி நிமிர்ந்து நிற்கும், சிற்றிலைகள் சிறியவை, எண்ணிக்கையில் கூடுதலானவை, நுனி மழுங்கியவை, காய் தட்டையானது. பெருங்கொன்றை எனவும் இயல்வாகை எனவும் அழைக்கப்படும் மூன்றாவது மரத்தின் இலை, புளிய இலையைப் போன்ற நுண்ணிய சிற்றிலைகளாக இருமுறை பிரிந்திருக்கும். மொட்டுகள் துருவின் நிறத்தில் இருக்கும். காய்கள் செம்பு நிறத் தகடுகள் போல மரமெங்கும் நிற்கும். சாலையோரங்களில் வரிசையாக நடப்பட்டிருப்பது பெரும்பாலும் இதுதான். மூன்றும் நிழல் தரும் மரங்களே. எனினும் வீட்டு முன்றிலுக்கு ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், இந்த மண்ணுக்கே உரியதும், முப்பது அடிக்கு மேல் அதிகம் ஓங்காததும், வறட்சியைப் பொறுப்பதுமான சரக்கொன்றையையே சொல்வேன்.

இவற்றோடு புதராக நிற்கும் ஆவாரையையும் மறக்க வேண்டாம். கரட்டு நிலங்களிலும் சாலைச் சரிவுகளிலும் இடுப்பளவு உயரத்தில், யாரும் நீர் ஊற்றாமலேயே, இது பூத்து நிற்கும்.

மூன்றாம் படி: வெண்பூ மரங்களும் மணமும்

மஞ்சளுக்குக் கண் போதும். வெண்மை நிற மரங்களுக்கு மூக்கும் வேண்டும்.

வேம்பு பங்குனியில் பூக்கத் தொடங்கிச் சித்திரையில் உச்சம் தொடும். புத்தாண்டு நாளன்று வேப்பம்பூப் பச்சடி வைப்பதற்கு ஏற்ற காலம். வைகாசியில் பெரும்பாலான மரங்கள் பச்சைக் காய் பிடித்திருக்கும். பிந்திப் பூத்த மரம் அருகில் இருந்தால், இரவில் அதன் அடியில் ஒரு பழைய வெள்ளை வேட்டியை விரித்துவைத்து, விடியலில் உதிர்ந்தவற்றைச் சேர்த்து, தூசி புடைத்து நீக்கி, நிழலில் இரண்டு நாளும் வெயிலில் ஒரு நாளும் காயவைத்தால் ஆண்டு முழுவதும் இரசத்துக்குப் பயன்படும். சாலையோர மரத்தின் பூவைச் சமையலுக்கு எடுக்காதீர்கள்; அதில் படிந்த புகையும் தூசியும் புடைத்தால் போகாது.

புங்கன் அடர்ந்த தளிரோடு வெளிர் ஊதாவும் வெண்மையும் கலந்த பூக்களைப் பூத்து, தரையில் பொரி சிந்தியது போல உதிர்க்கும். கடும் வெயிலிலும் இதன் நிழல் குளிர்ச்சியாக இருப்பதற்கு, வெயில் ஏறுவதற்கு முன்பே புத்திலைகள் செறிந்து மூடிவிடுவதே காரணம். வாகை மங்கிய வெண்பச்சை நிறத்தில் இழைப் பந்துகளாகப் பூக்கும். போரில் வென்றவர் சூடிய பூ இது. சென்ற ஆண்டின் காய்ந்த காய்கள் காற்றில் சலசலப்பதைக் கேட்டே வாகையைத் தொலைவிலிருந்து அறியலாம்.

உசிலையைத் தனியே சொல்ல வேண்டும். உசிலம்பட்டியின் பெயரிலேயே இந்த மரம் நிற்கிறது. அதன் உலர்ந்த இலையைப் பொடித்த அரப்பைத் தலைக்குத் தேய்த்துக் குளிக்காத முந்தைய தலைமுறை நம் பக்கத்தில் இருந்திருக்காது. ஆயினும் அரப்புப் பொடியைக் கடையில் வாங்குபவருள் மரத்தைப் பார்த்தவர் குறைவு. கோடையில் மென்மஞ்சள் நிறத்தில், வாகையைவிடச் சிறிய பஞ்சுருண்டைகளாகப் பூக்கும். இலை இறகு போல மிக நுண்ணியது. மரம் பெரிதாக ஓங்காது. பாறைச் சரிவிலும் செம்மண் மேட்டிலும் தானே முளைத்து வளரும். நாகமலைச் சரிவில் இதைத் தேடிப் பாருங்கள்.

வெட்பாலை வெண்ணிற விண்மீன்களாகப் பூக்கும். அதன் காய்கள் இரண்டிரண்டாக, நுனியில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு தொங்கும். மதுரைப் பக்கத்தில் மஞ்சணத்தி என்று அழைக்கப்படும் நுணா, தரிசு நிலங்களில் கோணலாக வளர்ந்து, சிறிய வெண்குழல் பூக்களை ஒரு பச்சை உருண்டையின் மேல் சில சிலவாகப் பூக்கும். அந்த உருண்டையே பின்னர் கறுத்த பழமாகும். இலுப்பையின் பூக்காலம் சித்திரையோடு முடிந்துவிடும். தடித்த, சதைப்பற்றுள்ள, இனிப்பான அந்தப் பூக்கள் விடிவதற்கு முன்பே உதிர்ந்துவிடுவதால், ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்ற பழமொழியை மட்டும் அறிந்து பூவைக் காணாதவர் பலர். பழைய கோயில் நந்தவனங்களிலும் கண்மாய்க் கரைகளிலும் எஞ்சியிருக்கும் மரங்களை விசாரித்து வைத்துக்கொண்டு அடுத்த பங்குனியில் சென்று பாருங்கள்.

ஆற்றங்கரை மருதமரம் இந்தப் பருவத்தில்தான் மங்கிய வெண்கதிர்களாகப் பூக்கும். மருதை என்பதே மதுரை ஆயிற்று என்பாரும் உளர். மதுரையின் இன்னொரு பெயரான கடம்பவனத்தை எண்ணிக் கடம்பம் பூவைத் தேடுபவர் சற்றுப் பொறுக்க வேண்டும். கடம்பு மழையை எதிர்நோக்கும் மரம், ஆனி ஆடிக்குப் பிறகே அதன் பந்துப் பூக்கள் மலரும்.

நான்காம் படி: குல்மோகர் குறித்து ஓர் எச்சரிக்கை

மயில்கொன்றை என்றும் மே ஃபிளவர் என்றும் சொல்லப்படும் குல்மோகர் மடகாஸ்கர் தீவிலிருந்து வந்தது. கோடை விடுமுறையில் அதன் மகரந்தத்தாள்களைக் கொக்கி போலக் கோத்து இழுத்து விளையாடாத குழந்தைப் பருவம் நம்மில் பலருக்கும் இல்லை. அதன் செம்மையை நானும் விரும்புகிறேன். ஆனால் அதன் வேர் மேலோட்டமாகப் பரவி மதிலையும் தளத்தையும் பிளக்கும். கிளைகள் எளிதில் முறிபவை. கோடை மழைக்கு முந்திய சூறைக்காற்றில் முதலில் ஒடிவது இதுதான். திறந்தவெளி உள்ள பள்ளி வளாகத்துக்கு ஏற்றது. மூன்று சென்ட் வீட்டு மனைக்கு ஏற்றதன்று.

ஐந்தாம் படி: வீட்டு மல்லியைப் பேணுதல்

இந்தப் பருவத்தில் உங்கள் உழைப்பு முழுவதையும் கேட்கும் செடி மல்லி. மதுரை மல்லிக்கு 2013ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. தடித்த இதழும், நீண்ட காம்பும், வாடாமல் நெடுநேரம் தாங்கும் தன்மையும் அதன் சிறப்பு. இதன் நாற்றுகள் பெரும்பாலும் இராமநாதபுரம் மாவட்டத்துத் தங்கச்சிமடம் பகுதியில் பதியன்களாக உருவாகி இங்கே வருகின்றன. பங்குனி முதல் ஆனி வரை பூ மிகுதி. மார்கழிப் பனியில் விளைச்சல் சுருங்கி விலை ஏறும் மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில், இப்போது மூட்டை மூட்டையாக வந்து குவிவதைக் காணலாம்.

முதலில் இடம். நாளொன்றுக்கு ஆறு மணி நேரமாவது நேர்வெயில் படாத செடி இலையைத் தருமே தவிர மொட்டைத் தராது. மாடியில் வளர்ப்பவர் பதினைந்து அங்குலத் தொட்டியில், செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு என்ற கலவையை இடலாம். நீர் தேங்கினால் வேர் அழுகும். ஆகவே தொட்டியின் அடித்துளைகளை ஓட்டுச் சில்லுகளால் மூடி, அதன் மேல் மண்ணிடுங்கள்.

அடுத்தது நீர். தரையில் உள்ள செடிக்குச் செம்மண்ணில் மூன்று நாளுக்கு ஒருமுறை, கரிசலில் ஐந்தாறு நாளுக்கு ஒருமுறை, வேர்ப்பகுதி முழுவதும் நனையுமாறு பாய்ச்ச வேண்டும். தொட்டிச் செடிக்குக் காலையில் கட்டாயம். வெயில் கடுமையான நாளில் மாலையிலும். விரலை இரண்டு அங்குலம் மண்ணுள் விட்டுப் பார்த்து, ஈரம் இருந்தால் அன்றைய நீரை நிறுத்திவிடுங்கள்.

மூன்றாவது, பறித்தலும் கிள்ளுதலும். மல்லியின் கொத்தில் பெரும்பாலும் மூன்று மொட்டுகள் இருக்கும். நடுமொட்டு முதலில் முற்றும், பக்கத்து மொட்டுகள் பின்னர் முற்றும். முழுதும் வெளுத்துப் பருத்த, ஆனால் இதழ் விரியாத மொட்டை விடியற்காலையில் பறிக்க வேண்டும். பச்சை ஓடிய மொட்டைப் பறித்தால் மாலையில் மலராது. மொட்டுகள் புதுத் தளிரில்தான் பிடிக்கும். ஆகவே ஒரு கொத்து பூத்து முடிந்ததும், அதன் கீழுள்ள இரண்டு இணை இலைகளோடு நுனியைக் கிள்ளிவிடுங்கள். பக்கத் தளிர்கள் கிளம்பி அடுத்த சுற்று மொட்டுகளைத் தரும். பெரிய கவாத்து இப்போது செய்யத் தக்கதன்று. அதற்குரிய காலம் கார்த்திகை மாதத் தொடக்கம், தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு வெட்ட வேண்டும்.

நான்காவது, நோய் அறிதல். மொட்டில் துளை விழுந்து நூலாம்படை போன்ற இழை தெரிந்தால் மொட்டுப்புழு. மொட்டு வளராமல் ஊதா நிறமாகிக் காய்ந்தால் அது பெரும்பாலும் பூ ஈயின் வேலை. அதன் புழு மண்ணில் இறங்கிக் கூட்டுப்புழுவாக மாறுவதால், உதிர்ந்த மொட்டுகளை நாள்தோறும் பொறுக்கி அழிப்பதும், செடியடி மண்ணைக் கிளறி வெயில் படச் செய்வதும் எந்த மருந்தையும்விட நன்றாகப் பயன் தரும். இரண்டுக்கும் வேப்பங்கொட்டைக் கரைசல் தெளிக்கலாம்: ஒரு லிட்டர் நீருக்கு 50 கிராம் பருப்பை இடித்து இரவு முழுவதும் ஊறவைத்து, துணியில் வடிகட்டி, சிறிது சோப்புக் கரைசல் சேர்த்து, காலைப் பறிப்பு முடிந்த அன்று மாலையில் தெளிக்க வேண்டும். தலையில் சூடும் பூ என்பதால் கடுமையான இரசாயன மருந்துகளை வீட்டுச் செடிக்கு நான் ஒருபோதும் பரிந்துரைப்பதில்லை. இளம் இலை நரம்பு மட்டும் பச்சையாக நின்று மற்றப் பகுதி மஞ்சளானால் இரும்புச் சத்துக் குறை. ஒரு லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பை (ஃபெரஸ் சல்பேட்) கரைத்து மாதம் ஒருமுறை இலைமேல் தெளித்தால் சரியாகும்.

ஆறாம் படி: மற்றவற்றுக்கு நீரும் மூடாக்கும்

வேர் ஆழ இறங்கிய வேம்பு, புங்கன், கொன்றை ஆகியவற்றுக்கு இப்போது நீர் வேண்டியதில்லை. கொன்றைக்கு நாள்தோறும் ஊற்றினால் இலை பெருகிப் பூ குறையும். மூன்று வயதுக்குட்பட்ட கன்றுகளுக்கு மட்டும் வாரம் ஒருமுறை இரண்டு குடம் நீரை, தண்டின் அடியில் ஊற்றாமல், கிளைகள் விரிந்த எல்லைக்கு நேர்கீழே வட்டமாகப் பாத்தி கட்டி, மாலையில் மெல்ல விடுங்கள். நாள்தோறும் தெளிக்கும் அரைக்குடம் மேல்மண்ணை மட்டும் நனைத்து, வேரை மேலேயே நிறுத்திவிடும். அப்படி வளர்ந்த கன்று அடுத்த கோடையைத் தாங்காது.

உதிர்ந்த புங்க இலையையும் வேப்பிலையையும் கூட்டி எரிப்பது நம் தெருக்களில் இன்னும் வழக்கமாக உள்ளது. அதைக் காணும்போதெல்லாம் எனக்கு மனவருத்தம் உண்டாகிறது. அந்தச் சருகை நான்கு அங்குல உயரத்துக்குக் கன்றைச் சுற்றி மூடாக்காகப் பரப்பினால் ஈரம் காக்கும், பின்னர் உரமாகும். தண்டிலிருந்து ஒரு சாண் இடம் விட்டுப் பரப்புங்கள். செம்மண்ணில் கரையான் தண்டுக்கு ஏறாமல் இருக்க அது உதவும்.

ஏழாம் படி: விதை சேர்த்தல்

புங்கனின் சென்ற ஆண்டுக் காய்கள் இப்போது பழுத்துக் காய்ந்து உதிரும். உடைத்து விதையை நேரே பையில் ஊன்றலாம். சரக்கொன்றைக் குழலை உடைத்தால், அறை அறையாக, கரிய பசையோடு விதைகள் இருக்கும். அந்தப் பசை பேதியை உண்டாக்குவது என்பதால் குழந்தைகள் சுவைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். விதையின் மேலோடு கடினமானது. விளிம்பை உப்புத்தாளில் தேய்த்து ஓரிரவு ஊறவைத்தால், உப்பிய விதை முளைக்கும், உப்பாததை மீண்டும் தேய்க்க வேண்டும். வாகைக்கும் உசிலைக்கும் கொதித்து இறக்கிய நீரை விதைமேல் ஊற்றி, ஆறும் வரை அப்படியே விட்டு ஊறவைப்பது போதுமானது.

வேம்பும் இலுப்பையும் வேறு வகை. அவற்றின் பழம் ஆனி ஆடியில்தான் உதிரும். விதைக்கு உயிர் சில வாரங்களே. பழத்தோலை நீக்கிக் கழுவி, நிழலில் உலர்த்தி, இரண்டு வாரத்துக்குள் ஊன்றிவிட வேண்டும். டப்பாவில் அடைத்து அடுத்த ஆண்டுக்கு வைத்தால் முளைக்காது.

எட்டாம் படி: குழி எடுத்தல்

வைகாசியில் மரம் நடாதீர்கள். குழியை மட்டும் எடுங்கள். செம்மண்ணில் நீளம், அகலம், ஆழம் மூன்றும் இரண்டடி. திருமங்கலம், பேரையூர்ப் பக்கத்துக் கரிசலில் மூன்றடி. மேல்மண்ணையும் அடிமண்ணையும் தனித்தனியே குவித்து, குழியை ஒரு மாதம் வெயிலில் காயவிட்டால் புழுவும் களை விதையும் அழியும். வேம்புக்குச் சுவரிலிருந்து பதினைந்து அடி, கொன்றைக்குப் பன்னிரண்டு அடி, வாகைக்கு முப்பது அடி இடைவெளி விடுங்கள். மேலே மின்கம்பி செல்லும் இடமாயின் அங்கே மரம் வேண்டாம். செம்பருத்தியோ நந்தியாவட்டையோ போதும்.

ஆனி முடிவில் மேல்மண்ணோடு ஒரு கூடை மக்கிய தொழுவுரமும் இரண்டு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கும் கலந்து குழியை நிரப்பி, நடுவில் ஒரு கம்பை ஊன்றி அடையாளம் வையுங்கள். இடையில் பெய்யும் மழையில் மண் அமிழ்ந்தால் மேலும் மண்ணிட்டுச் சமன் செய்யலாம். புரட்டாசிக் கடைசியில் அல்லது ஐப்பசித் தொடக்கத்தில், இரண்டு நல்ல மழை பெய்து குழியின் அடிவரை ஈரம் இறங்கிய பிறகு, பையைக் கிழித்து வேர்ப்பந்து சிதையாமல் கன்றை இறக்கி, மண்ணை மிதித்து இறுக்கி, காற்றுக்குச் சாயாதவாறு கம்போடு தளர்வாகக் கட்டி, அந்த வாரம் மழை தவறினால் மட்டும் ஒரு குடம் நீர் ஊற்றுங்கள்.